தனசேகர் சார் லாரிக்குள் வீடு கட்டுகிறார்

பெருமாள் படைத்த மனிதர்களில் ஊர் சுற்றுகிறவர்கள் ஒரு வகை, வீட்டோடு கிடக்கிறவர்கள் ஒரு வகை. இந்த இரண்டிலும் சேராமல் மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அவர்கள் புறப்படத் தயாராகிறவர்கள். புறப்படுகிறவர்கள் என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். தயாராகிறவர்கள்.

உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். இடுப்பில் அளவு டேப் தொங்கும். சட்டைப் பையில் பென்சில் இருக்கும். எந்த ஊர் பேரைச் சொன்னாலும் அந்த ஊருக்கு மூன்று வழி சொல்வார், மூன்றிலும் அவர் போயிருக்க மாட்டார். எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டுவிட்டால் போதும், "ஒரே ஒரு வேலைதான் பாக்கி" என்பார். அந்த ஒரே ஒரு வேலை பெற்றுப் பெருகி, பேரன் பேத்தி எடுத்து, அவருக்கு முன்னால் வரிசையாக நிற்கும்.

எங்களுக்கு வாய்த்தவர் தனசேகர் சார். சித்தூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டார், ஏகாதசி தவறினது கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல இடம் கிடைக்காது.

நாலு வருஷத்துக்கு முன்னால் பட்டாளத்தில் கழித்துவிட்ட ஒரு லாரியை ஏலத்தில் எடுத்தார். மற்ற லாரிக்குப் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்குமாம், இதற்கு நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்குமாம். சேறு, மணல், பாறை, பனி, எதில் கொண்டுபோய் விட்டாலும் தானே ஏறி வந்துவிடுமாம். அன்றைக்கு அதை எங்கள் தெருவுக்குள் இழுத்து வந்தது ஒரு கிரேன்.

"இதுக்குள்ள ஒரு வீடு கட்டப் போறேன் சார்," என்று பக்கத்துக் காலி மனையில் நின்று எனக்குச் சொன்னார். "படுக்கை, அடுப்பு, குளியல் ரூம், எல்லாம். எங்க வேணா நிறுத்தலாம், சமைச்சுத் துன்னுட்டு போய்க்கினே இருக்கலாம்."

"எங்கே போகப் போறீங்க?"

"பத்ரிக்கு. சுலோச்சனாவுக்காகத்தான்."

அது உண்மை. அதற்கு முந்தின வருஷம் அவருக்கு நெஞ்சில் ஆப்பரேஷன் நடந்தபோது, அவர் மனைவி சுலோச்சனாம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டார்: பத்ரிநாராயணா, இவரைப் பிழைக்க வை, நான் உன் சன்னதிக்கு வந்து நின்று கும்பிடுகிறேன். பெருமாள் அவர் பங்கை உடனே செய்து கொடுத்துவிட்டார். அவருக்கு லாரி தேவைப்படவில்லை.

சுலோச்சனாம்மாவுக்கும் தேவைப்பட்டிருக்காது. அவருக்குக் கமலம்மா என்று ஒன்றுவிட்ட அண்ணி, சத்தியவேட்டில் இருக்கிறார். வருஷா வருஷம் நாற்பது பேரைச் சேர்த்துக்கொண்டு ரயிலிலும் பஸ்ஸிலுமாக யாத்திரை போகிறவர். பத்ரி நடை திறந்தால் கமலம்மாவின் போன் வரும். "ஏம்மா சுலோச்சனா, பேர் எழுதிக்கவா?" இவர் புருஷனைப் பார்ப்பார். புருஷன் சொல்வார்: "ரயில்ல போய் கஷ்டப்படுவ சுலோ. உனக்காகத்தானே கட்டிக்கினு இருக்கேன்." ஐப்பசி கடந்து நடை சாத்தும். லாரி அங்கேயே நிற்கும்.

இந்த வகை மனிதர்களின் வீட்டுக்குப் போனால் காப்பிக்கு முன்னால் தரிசனம். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏற வேண்டும். முதலில் படுக்கை, அதை மடித்தால் மேஜை, மேஜையை மடித்தால் பெட்டி, பெட்டியைத் திறந்தால் அதற்குள் இன்னொரு மேஜை. பிறகு பனிக்குச் சக்கரத்தில் மாட்டுகிற இரும்புச் சங்கிலி. சித்தூர் வெயிலில் அதைத் தொட்டால் கை வெந்துவிடும். பிறகு உள்ளே சூடு உண்டாக்குகிற ஒரு யந்திரம். மே மாதத்தில் அதைப் போட்டுக் காட்டினார், நான் மரியாதைக்காக உட்கார்ந்திருந்தேன். ஆற்றில் இறங்கினால் எஞ்சின் மூச்சு விடுவதற்கு வெளியே நீளமாக ஒரு குழாய். எங்கள் நீவா ஆற்றில் இறங்கினால் மூச்சு முட்டுவது மணலில்தான். கடைசியில் கழிவறைக் கதவைத் திறந்து, இரண்டடி தள்ளி நின்று, கை கட்டிக்கொண்டு நம் முகத்தைப் பார்ப்பார். அந்தக் கோலத்தை எதற்கு ஒப்பிடலாம் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. பாவம் சேரும் என்று விழுங்கிவிட்டேன்.

இவர்களுக்கு உண்மையாகவே ஊருக்குப் போய் வந்தவர்களைக் கண்டால் ஆகாது. எங்கள் தெருவில் ஹரிப்ரியா என்று ஒரு டீச்சர். போன கோடையில் லடாக் போய் வந்தாள். இவர் வழிமறித்து எப்படிப் போனாய் என்று விசாரித்தார். சொன்னாள்.

"அந்த வழியில போகக் கூடாதும்மா. ரோடு சரியில்ல."

"நான் போய்ட்டே வந்துட்டேன் அங்கிள்."

"அது வேற விஷயம்."

அது வேற விஷயம். எத்தனை அழகான பதில் பாருங்கள்.

வேலை செய்தது இஸ்மாயில் பாய். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவர், மெக்கானிக்கும் அவரே. பொறுமையில் அவர் ஒரு மகான். எதைச் சொன்னாலும் "அவுதாதி சார்" என்பார். ஆகும் என்று அர்த்தம், ஆனால் அவர் சொல்லும்போது எப்போது என்று யாருக்கும் கேட்கத் தோன்றாது. அவரே ஒரு நாள் கையைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு மேல இன்னாத்த வெக்கிறது சார்? எஞ்சினைத் தவிர எல்லாத்தியும் பாத்தாச்சு," என்றார்.

"எஞ்சின் நல்லாத்தான இருக்குது பாய்."

"இருக்குது. தூங்குது. நீங்க மெத்தை வேற போட்டுட்டீங்க."

மூன்றாம் வருஷம் எல்லாம் முடிந்தது, இனி கிளம்ப வேண்டியதுதான் என்கிற நிலைமை வந்துவிட்டது. இப்படி ஒரு ஆபத்து வரும்போது இவர்கள் தப்பிக்கிற விதமே தனி. ஒரு காலையில் படுக்கையைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்கு உடம்பு வேர்த்துவிட்டது. படுக்கையில் தலைமாடு வண்டியின் முன்பக்கம். வண்டி போகப் போவது வடக்கே. அப்படியானால் பத்ரி வரைக்கும் வடக்கே தலை வைத்தல்லவா படுக்க வேண்டும்? நாம் வடக்கே தலை வைப்போமா? மாட்டோம். பிரித்துப் போட்டு, கால்மாட்டைத் தலைமாடாக்கி, அடுப்பையும் அதற்காக இடம் மாற்றி, இரண்டு மாதம். முடிந்த அன்று இஸ்மாயில் பாய் மெதுவாகக் கேட்டார்.

"திரும்பி வரும்போது சார்?"

தனசேகர் சார் இரண்டு வாரம் டேப்பும் கையுமாக வண்டிக்குள்ளேயே கிடந்தார். பிறகு படுக்கையைக் குறுக்கே போட்டார். குறுக்கே போட்டதில் கால் நீட்ட முடியவில்லை. அதற்காக வண்டியின் பக்கத்துச் சுவரை வெட்டி வெளியே ஒரு அடி தள்ளினார்கள். நடை சாத்தியாயிற்று.

இந்த வருஷம் விளையாட்டு இல்லை. சுலோச்சனாம்மாவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. தை மாதம் ஆப்பரேஷன் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். அதற்கப்புறம் மலை, குளிர், படி எல்லாம் ரொம்ப நாளைக்கு மறந்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் புருஷனிடம் ஒரே தரம் சொன்னார், நான் காதால் கேட்டேன்: "இந்த வாட்டி நடை சாத்தறதுக்குள்ள போய்டணுங்க. கடன் வெச்சிக்கினு நான் அந்தக் கட்டில்ல படுக்க மாட்டேன்." ஆப்பரேஷன் கட்டிலைச் சொன்னார். கமலம்மாவுக்கும் இன்னும் பதில் சொல்லாமல் வைத்திருந்தார்.

புரட்டாசி பிறந்து, இஸ்மாயில் பாய் எஞ்சினை எழுப்பிவிட்டார். தெருவே புகையில் மூழ்கியது. எங்கள் பக்கத்தில் எந்த வண்டி வாங்கினாலும் முதல் ஓட்டம் திருமலைக்குத்தான். மேலே கொண்டுபோய், பெருமாள் பேரைச் சொல்லித் தேங்காய் உடைத்துவிட்டு வந்தால்தான் மற்ற ஊர். தனசேகர் சார் இதை வேண்டுதலாகவே செய்துவிட்டார்: மலை ஏறாமல் இந்த வண்டி வேறு எந்தத் திக்கிலும் போகாது, இது சத்தியம். காலையில் மலை, மறுநாள் அங்கிருந்தே பத்ரி. சுலோச்சனாம்மா இரண்டு பையோடு முன்னால் ஏறினார். நான் பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் குறுக்குப் படுக்கையில் உட்கார்ந்தேன்.

பஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஆகிற தூரத்துக்கு நாலரை மணி நேரம் ஆயிற்று. வழியில் அவர் மூன்று இடத்தில் இறங்கி டயரைத் தட்டிப் பார்த்தார். அலிபிரியில் மலைக்குப் போகிற வண்டிகளைச் சோதனை செய்கிற இடத்தில் வரிசையில் நின்றோம். காவலர் வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார்.

"ஏ மாடல் சார்?"

"எண்பத்தொன்பது."

"பைக்கி போது சார்." மேலே போகாது. இத்தனை பழைய வண்டிக்கு மலைப்பாதையில் அனுமதி இல்லை என்று தெலுங்கிலும் தமிழிலும் பொறுமையாகச் சொன்னார்.

"உள்ள எல்லாம் புதுசுங்க. கட்டில் புதுசு, தொட்டி புதுசு, ஃபேன் புதுசு."

"எஞ்சின்?"

"அது ஒண்ணுதான் பழசு."

காவலர் சிரிக்கவில்லை, அவருக்கு நல்ல மனசு. பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடித்தன. நாங்கள் ஓரமாக ஒதுங்கினோம்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்ரியில் எந்த மாதம் எத்தனை அடி பனி விழும் என்று இவருக்குத் தெரியும். யூடியூபில் வருகிற வெள்ளைக்காரர்கள் எந்தப் பாலைவனத்தில் எந்த டயரைக் கழற்றினார்கள் என்று தெரியும். வாரத்துக்கு ஒரு தரம் பஸ்ஸில் கடந்துபோகிற அலிபிரியில் பழைய வண்டியை விட மாட்டார்கள் என்பது மட்டும் தெரியாது. நாலு வருஷத்தில் ஒருத்தரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

"போனால் போகுது சார்," என்றேன். "இங்கே அடிவாரத்திலேயே பூஜை போட்டுக்கலாம். பாதத்தண்டையில உடைச்ச தேங்காயைப் பெருமாள் வேண்டாம்னு சொல்ல மாட்டார். அப்படியே வடக்கே திருப்புங்க."

"அது எப்படி சார்? சத்தியம் பண்ணியிருக்கேன். மலை ஏறாம வண்டி எங்கியும் போகாது." நிதானமாகச் சொன்னார். துக்கமாகச் சொன்னார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். பரீட்சைக்கு முந்தின நாள் மழைக்கு லீவு விட்ட பிள்ளையின் முகம் அது. "வேற வழி யோசிக்கணும். எஞ்சினைப் புதுசா மாத்தி, பேப்பர் எல்லாம் மாத்தி... ஒரே ஒரு வேலைதான்."

சுலோச்சனாம்மாவும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டார். முப்பது வருஷமாகப் பார்க்கிறவருக்கு அதைப் படிக்க எத்தனை நேரம் ஆகும்? போனை எடுத்தார்.

"அண்ணி, அந்த பத்ரி கூட்டத்துல எடம் இருக்குதா?"

கமலம்மாவின் குரல் எனக்கே கேட்டது. "நேத்துதான் ஒருத்தி கால ஒடச்சிக்கினாம்மா. நாளான்னிக்கு ரேணிகுண்டாவுல ரயில். வந்துடறியா?"

"வந்துடறேன்."

தனசேகர் சார் பதறிப்போனார். "சுலோ, உனக்காகத்தான இத்தினி வருஷமா..."

"தெரியுங்க," என்றார் அந்த அம்மாள். கோபம் ஒரு துளி இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "நீங்க எனக்காக கட்டிக்கினு இருங்க. நான் உங்களுக்காக போய்ட்டு வரேன். உங்க உசுருக்கு வேண்டிக்கினதுதான அது."

தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு என்னிடம் திரும்பி, "அண்ணா, இந்த ரெண்டாவது பையைக் கொஞ்சம் வீட்டுல சேத்துடுங்க," என்றார். அது புருஷனுடைய பை.

பதினெட்டாம் நாள் சுலோச்சனாம்மா திரும்பி வந்தார். முகம் கறுத்திருந்தது, இரண்டு முழங்காலிலும் கட்டு. தெருவில் வீட்டுக்கு வீடு பத்ரி துளசி கொடுத்தார். எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது தனசேகர் சார் நோட்டும் பென்சிலுமாக வந்து சேர்ந்தார்.

"சன்னதிக்கு முன்னாடி ரோடு எத்தினி அகலம்?"

"தெரியலீங்க. கோவிந்தா சொல்லிக்கினு கண்ண மூடிக்கினு இருந்தேன்."

"பனி இருந்துச்சா?"

"மலைல வெள்ளையா தெரிஞ்சுது."

"எத்தினி அடி இருக்கும்?"

"நான் கும்பிடப் போனேங்க. அளக்கப் போவல."

அவர் அதையும் ஏதோ எழுதிக்கொண்டார். அடுத்த வருஷம் நம் வண்டியில் சௌகரியமாகப் போகலாம் என்று மனைவிக்கு ஆறுதல் சொன்னார். அந்த அம்மாள் போகலாங்க என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தார். முழங்கால் ஆறினதும் துவாரகைக்குக் கமலம்மாவிடம் பேர் கொடுத்தாயிற்று என்பதை என் மனைவியிடம் அடுப்படியில் சொன்னாராம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் லாரி வாங்கவில்லை, உங்கள் வீட்டுப் பக்கத்தில் காலி மனையும் கிடையாது. ஆனால் மாடியில் அரைகுறையாக நிற்கிற அந்த ரூம்? "பிள்ளை படிப்பு முடியட்டும், கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று நீங்கள் சொன்ன அந்த ஊர்? அதுவும் யாரோ ஒருவருக்காகத்தானே? நான் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு எதற்குப் பொல்லாப்பு. இந்தப் புத்தகத்தை மூடிவிட்டு அவரைப் பேர் சொல்லி ஒரு தரம் கூப்பிட்டுப் பாருங்கள். உள்ளேயிருந்து பதில் வந்தால் நல்லது. வரவில்லை என்றாலும் பதற வேண்டாம், போனில் கிடைப்பார். சரியாகக் காதில் விழாது, அவ்வளவுதான், ரயில் ஓடிக்கொண்டிருக்கும்.