காளியம்மா ஒட்டிய இறகு

என் சுண்டெலிக்கு,

பண்டார் தெங்காராவிலிருந்து உன் அக்கா காளியம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் பூனையும் நலம். அடுத்த வரியில் நீ நலமா என்று கேட்க வேண்டும், அதுதான் மரியாதை. ஆனால் செத்துப்போனவனிடம் அதை எப்படிக் கேட்பது என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை, நான்தான் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டேனே. நலம் என்று நானே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் உன் மர அம்புகள். உன் பழைய கார்பன் அம்பெல்லாம் எவ்வளவு ஒழுங்காக இருந்தன. கறுப்பாக, நேராக, ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாமல், மழையில் நனைந்தாலும் வளையாமல் பேசாமல் கிடக்கும். அத்தனையையும் உன்கூட எய்கிற மனோகரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, பழைய காலத்து வில்லுக்கு மரம்தான் பொருத்தம் என்று குச்சிகளை வாங்கி வந்தாய். அடுப்பில் காட்டிக் காட்டி நிமிர்த்தினாய், என் சாம்பார் கொதிக்க இடமில்லை. ஒன்று முரடாக, ஒன்று நோஞ்சானாக இருந்ததால், எது எப்படிப் போகிறது என்று எய்து பார்த்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் சொந்தக்காரர் பேரை எழுதினாய். எப்போதும் இடப்பக்கம் ஒதுங்குவது சபாபதி மாமா. பாதி வழியில் தலையைத் தொங்கப் போடுவது சித்தி. நல்லா இருந்ததை விட்டுட்டு ஏன்டா இந்தப் பாடு என்று கேட்டேன். "கார்பன் தப்பாப் போனா என் மேலதான் தப்புக்கா. மரம்னா அதுக்கும் ஒரு பங்கு இருக்கு லா" என்றாய். தோற்பதற்குக் கூட்டாளி தேடுகிறான் என்று நான் சிரித்தேன். ஆனால் அதே கோணல் குச்சிகளை வைத்துக் கார்பன்காரர்கள் வாயைப் பிளக்கும்படி நீ எய்ததையும் பார்த்தேன். மாமாவை எய்யும்போது கொஞ்சம் வலப்பக்கம் பார்த்து விடுவாய், மாமா வழக்கம்போல ஒதுங்கிப் போய் நட்டநடுவில் குத்தி நிற்பார். நிஜ மாமாவை இதுவரை யாரும் அப்படி வழிக்குக் கொண்டுவந்ததில்லை.

தங்காக்கில் மர அம்பு மட்டும் எய்கிற கூட்டத்துக்குப் பேர் கொடுத்திருந்தாய் இல்லையா, அதற்குள் போய்விட்டாய். உன் கூட்டாளி ரோஸ்லி வந்து, "காக், அவன் பேருல அவன் அம்பையே நான் எய்றேன், குடுங்க" என்று மலாயில் கேட்டார், காக் என்றால் அக்கா, மிச்சத்தை நான் தமிழில் எழுதுகிறேன். எனக்கும் ஆசைதான். உன்னைத் தெரிந்தவர்கள் எல்லாம் கூடியிருக்கும்போது உன் அம்பு ஒருமுறை நேராகப் பறக்க வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும். தங்காக்கில் துணிக்கடை நிறைய என்பதெல்லாம் அப்புறம்தான். ஆனால் அலமாரி மேலிருந்த அம்புக் கட்டைப் பிரித்தால், இறகையெல்லாம் பூச்சி அரித்து வைத்திருக்கிறது. 'அக்கா' என்று நீ எழுதிய ஒன்று மட்டும் உன் படத்துக்குப் பக்கத்தில் இருந்ததால், சாம்பிராணிப் புகைக்குப் பயந்து பூச்சி அண்டவில்லை. சரி என்று உன் பையில் இருந்த வான்கோழி இறகை எடுத்து நானே ஒட்ட உட்கார்ந்தேன். பாதி இறகு இந்தப் பக்கம் வளைந்திருந்தது, பாதி அந்தப் பக்கம். இரண்டு இறக்கையும் இருந்தால்தானே பறக்கும் என்று, ஓரவஞ்சனை இல்லாமல், ஒவ்வொரு அம்பிலும் இரண்டையும் கலந்து ஒட்டினேன். வான்கோழி எவ்வளவு தூரம் பறக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ரோஸ்லி உன் கைவேலை என்று நம்பி, திருப்பிப் பார்க்கக்கூட இல்லை. தங்காக்கில் முதலில் மாமாவை எய்தார். மாமா கள்ளு குடித்தவர் மாதிரி ஆடிக்கொண்டே போய், யாரும் இல்லாத பந்தலில் இருந்த சிராப் சர்பத் வாளியில் குத்தி, வாளி ஓட்டையாகி, சிவப்பாக ஓடியது. அடுத்தது சித்தி. வரவேற்புப் பதாகையைக் கிழித்துக்கொண்டு போனாள், மைக் பிடித்தவர் மேசைக்கு அடியில் போய்விட்டார். மனோகரன்தான் ஓடிப்போய் சித்தியை எடுத்து வந்து என் கையில் கொடுத்து, "ஐயோ அக்கா, ஒரு அம்புக்கு ஒரே பக்கத்து இறக்கையோட இறகுதான் ஒட்டணும். நீங்க கலந்துட்டீங்க, ஒண்ணு இப்படித் திருகுது, ஒண்ணு அப்படி இழுக்குது" என்றான். "அலமாக், காக்" என்று ரோஸ்லி அங்கேயே உட்கார்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நம்பி எய்ய மிச்சம் 'அக்கா' ஒன்றுதான், உன் கையால் ஒட்டிய இறகு. "கடைசி அம்பா எப்பவும் இதைத்தான் எய்வான் காக். பார்த்த இடத்துக்குப் போகும், கண்ணை மூடிட்டு நம்பலாம்னு சொல்வான்" என்று சொல்லி, எய்வதற்கு முன் காதோரம் வைத்து லேசாக வளைத்தார். டிக் என்றது. உள்ளே விரிசல். "மரம் இப்படித்தான் காக், சொல்லிட்டு விரியாது." விரிசல் விட்டதை எய்தால் முறிந்து கையில் ஏறிவிடும், வேறு யாரும் தெரியாமல் எடுத்து எய்துவிடக் கூடாது என்று அங்கேயே ஒடித்துப் போடுவதுதான் வழக்கமாம். ஒடிக்க அவருக்கு மனசில்லை, என்னிடம் கொடுத்தார். எல்லாரும் வில்லைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். நான் ஒடித்தேன். துணிக்கடைக்குப் போகவில்லை.

உன் வில்லை ரோஸ்லியிடமும் இறகுப் பையை மனோகரனிடமும் கொடுத்துவிட்டேன். இனி இந்த வீட்டில் அம்பு என்ற பேச்சே கிடையாது. நீ போன இடத்தில் வேளைக்குச் சாப்பிடு. அம்மா அப்பாவைக் கண்டால் நான் விசாரித்ததாகச் சொல்லு. நல்லா இரு சாமி.

உன் அக்கா
காளியம்மா

பி.கு.: மேலே எழுதியதில் கடைசிப் பகுதியை நம்பாதே. திரும்பி நின்றுகொண்டு நான் ஒடித்தது சித்தியை. ரோஸ்லி பார்த்தார், பார்க்காத மாதிரி வானத்தைப் பார்த்தார். 'அக்கா' மறுபடியும் உன் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாள், யாரும் எய்யாதபடி சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். வில்லும் இறகுப் பையும் இங்கேதான், ஞாயிற்றுக்கிழமை ரோஸ்லி வந்து எனக்குச் சொல்லித் தருகிறார். சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு ஒரு குச்சியை நானே நிமிர்த்தி, அதில் 'சுண்டெலி' என்று எழுதிவிட்டேன். உனக்கு இடது இறக்கை இறகுதான் பிடிக்கும் என்றார்கள். இடது, வலது என்று பிரித்துப் பிரித்து வைத்தேன், பூனை கலைத்துவிட்டது. பசை காய்கிறது, கையில் ஒரு இறகு இருக்கிறது. சுண்டெலி, இது எந்தப் பக்கத்ததுடா?