சேதுராமனின் உயிர் காக்கும் பை

கண்டி அம்பிட்டிய மேட்டில் குடியிருக்கும் சேதுராமன் அன்று காலையில் ஒரு பெரிய முடிவெடுத்தார். மலையே பெயர்ந்து வந்தாலும் சரி, மச்சான் வீட்டுக்கு மட்டும் போவதில்லை.

முடிவெடுத்தபோது அவருக்குக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடுங்காமல் என்ன செய்யும்? வாரக்கணக்கில் மழை. வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் மண்மேட்டில் ஒரு கராம்பு மரம், கலியாண வீட்டில் ஒளித்துக் குடித்துவிட்டு வந்தவர் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. குசினிச் சுவரில் நூல் கட்டியதுபோல ஒரு வெடிப்பு. பாதையோரக் கானில் ஓடும் தண்ணீர் முதல்நாளிலிருந்து செம்மண் நிறத்தில் ஓடியது. வந்து பார்த்த அதிகாரிகள் மேட்டை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். "மழை விடாட்டி எங்கயாவது போயிருங்க" என்று சொல்லிவிட்டு, அவர்களே முதலில் போனார்கள்.

பக்கத்து வீட்டு ஹில்மி நானா தன் ஆட்டோவில் குடும்பத்தை ஏற்றி அக்குறணைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டார். மேல் வீடும் பூட்டு, கீழ் வீடும் பூட்டு. சேதுராமனின் மகள் நிரோஷினி பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று முதல்நாளே கட்டுகஸ்தோட்டை மாமன் வீட்டுக்குப் போய்விட்டாள். மிச்சம் இருந்தது அவரும் மனைவி கஜலட்சுமியும்தான்.

"ஏங்க, நாமளும் அண்ணன் வீட்டுக்குப் போறோமா இல்லியா?"

"அங்க மகாவலி ஆறு பெருகி வருது. மண்ணுக்குத் தப்பி தண்ணியில போய் விழச் சொல்றியா?"

"அண்ணன் இருக்கிறது கடைக்கு மேல, ரெண்டாம் மாடியில."

"மாடி ஏறினா எனக்கு முட்டி வலிக்கும்."

"மண்ணு வந்து விழுந்தா முட்டி மட்டுமாங்க வலிக்கும்?"

முட்டியெல்லாம் சாக்கு. போன மழையில் ஒருநாள் இடி இடித்ததும் சேதுராமன் மச்சான் வீட்டுக்கு ஓடியது உண்மை. வெயில் அடித்த பிறகும் கொஞ்ச நாள் அங்கே இருந்ததும் உண்மை. அன்றிலிருந்து மச்சான் சண்முகநாதன் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் உட்கார்ந்ததும் அதைத்தான் எடுத்துவிடுவார். "நம்ம மச்சான் இருக்காரே, இடிச்சது கண்டியில, சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்து நின்னது கட்டுகஸ்தோட்டையில!" இலைக்கு இலை சிரிப்பு. மாநகர சபையில் தண்ணீர் பில் பிரிவில் தலைமை எழுதுவினைஞராக இருக்கும் ஒரு மனுசன் இதை எத்தனை சோற்றோடுதான் சேர்த்து விழுங்குவது?

அதனால்தான் பை. உயிர் காக்கும் பை. அதை முதுகில் மாட்டினால் யாருடைய மாடியும் வேண்டாம், காட்டிலும் இருக்கலாம் என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்திருந்தார். காலையிலேயே குடையைப் பிடித்துக்கொண்டு டவுனுக்கு இறங்கினார்.

மலையேறப் போகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடை அது. சேதுராமனுக்கு ஒரே ஒரு கொள்கை, எல்லாம் சின்னதாக இருக்க வேண்டும். பெரிய பையோடு பாதையில் நடந்தால் பயந்து ஓடுகிறான் என்பார்கள் அல்லவா? டோர்ச்சைக் காட்டினால், "இதவிடச் சின்னது இல்லியா?" அடுப்பைக் காட்டினால், "மடிச்சா பாக்கெட்டுல போகுமா?" மடக்குகிற கரண்டி, மடக்குகிற கோப்பை, தண்ணீரை வடிகட்டிக் குடிக்கிற குழாய், உரசினால் பொறி பறக்கிற குச்சி, விசில். கடைக்காரப் பெடியன் ஒரு பெட்டியை எடுத்துவரப் போனால் இவர் அடுத்த பெட்டியைத் திறந்திருப்பார். கடைசியாக ஒரு வெள்ளித்தாள் போர்வை. மடித்தால் உள்ளங்கை, விரித்தால் ஆள் நீளம். அதைப் பார்த்ததும் சேதுராமனுக்கு உயிர் வந்தது. பகல் சாப்பாடு தாண்டித்தான் வீடு வந்து சேர்ந்தார்.

கஜலட்சுமி முன் ஹாலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். வேர்த்து, தலை கலைந்து, யாரோடோ மல்லுக்கட்டியவள் மாதிரி இருந்தாள். அதைக் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை. மேசையில் ஒவ்வொன்றாகப் பரப்பினார்.

"பாத்தியா? ஒரு வீடே இதுக்குள்ள இருக்கு."

அவள் மடக்குக் கரண்டியைத் திறந்து பார்த்தாள். "இதுல சோறு அள்ளுனா எறும்புக்கு ஊட்டலாம். சின்னதா எடுக்கவாங்க இவ்வளவு நேரம்?"

"சின்னதா இருந்தாத்தான் தூக்கிக்கிட்டுப் போகலாம். இனிமே எவன் வீட்டுப் படியும் ஏறத் தேவையில்ல."

சண்டை வரும் என்று பார்த்தார். வரவில்லை. கஜலட்சுமி கொஞ்சம் யோசித்தாள். "சரிங்க. அப்ப பைய சோதிச்சுப் பாத்துருவோம். இந்த ஹாலுதான் காடு. இப்ப இருந்து நீங்க பையில உள்ளத வச்சுத்தான் இருக்கணும். உள் அறை, குசினிப் பக்கம் வரக்கூடாது, அலுமாரியத் தொடக்கூடாது. காட்டுல அலுமாரி இருக்குமா?"

"இருக்காது."

"நாளைக்கு விடியுற வரைக்கும் சமாளிச்சுட்டா, அண்ணன் வீட்டப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன். முடியாட்டி உங்க வாயாலயே போவோம்னு சொல்லணும்."

அவருக்கு நம்பவே முடியவில்லை. பதினெட்டு வருசக் குடும்பத்தில் இவ்வளவு லேசாக அவள் இறங்கி வந்ததே கிடையாது. சரியென்று தலையாட்டினார்.

முதலில் தேத்தண்ணி. குச்சியை உரசினார், உரசினார், விரல்தான் சூடானது. பொறி பறந்தது, தீ பிடிக்கவில்லை. அடுப்புக்கு எரிபொருள் வேறாக வாங்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. பச்சைத் தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சினார். கன்னம் உள்ளே போனதே தவிர தண்ணீர் மேலே வரவில்லை. கஜலட்சுமி பிளாஸ்கிலிருந்து தனக்கு மட்டும் ஊற்றிக் குடித்தாள்.

பொழுது சாய்ந்ததும் கரண்ட் போனது. மழை தகரத்தில் கொட்டியது. சேதுராமனுக்குக் குளிர் உள்ளே இறங்கியது. குளிரா பயமா என்று அவரைக் கேட்டால் குளிர் என்றுதான் சொல்வார். வெள்ளித்தாள் போர்வையைக் கழுத்து வரைக்கும் சுற்றிக்கொண்டார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சரசரவென்று, கூரைக்குப் பின்னாலிருந்து வருவதுபோல.

"கஜா, கேக்குதா?"

அவள் காதைக் கொடுத்தாள். "கேக்குதுங்க."

"மண்ணு எறங்குது."

அப்படியே அசையாமல் மூச்சைப் பிடித்தார். சத்தம் நின்றது. மூச்சை விட்டார். சரசர. பல் கிடுகிடுத்தது. சரசரசர.

"கூடுதுங்க" என்றாள் கஜலட்சுமி.

உங்களுக்கு விளங்கியிருக்கும். கஜலட்சுமிக்கும் விளங்கிவிட்டது. சத்தம் போட்டது மண் இல்லை, அவர் மேலே கிடந்த போர்வை. மனுசன் நடுங்க நடுங்க அது சலசலக்கும், அது சலசலக்க இவர் இன்னும் நடுங்குவார். ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை.

சேதுராமன் விசிலை எடுத்து முழு மூச்சோடு ஊதினார். ஊதிவிட்டுக் கேட்டார். பூட்டிய வீடுகளெல்லாம் சும்மா இருந்தன. கீழே எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. அந்தப் பாதை முழுக்க ஆளில்லை என்பது அப்போதுதான் அவருக்கு நெஞ்சில் உறைத்தது. ஒரு மலைக்குக் கீழே, இருட்டில், இரண்டே பேர்.

கஜலட்சுமி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு ரெண்டு நாளா கண்ணு மூட முடியலீங்க. அந்த மரம் எப்ப விழுமோன்னு பாத்துக்கிட்டே கிடக்கிறேன். எனக்குப் பயமா இருக்கு. சொல்றதுல எனக்கு வெக்கமில்ல. உங்களுக்கு?"

சேதுராமனுக்குக் கலியாணப் பந்தி கண்ணுக்கு முன்னால் வந்தது. மச்சானின் சிரிப்பு வந்தது. பின்னால் சரசர.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். குரல் குழந்தைக் குரலாக இருந்தது. "உங்க அண்ணன் வீட்டுக்கே போவோம்."

"வாங்க. ஹில்மி நானாவ வரச் சொல்லியிருக்கேன். கீழ வளைவுல ஆட்டோவோட நிக்கிறாரு."

"இரு, இரு. காணி உறுதி, உன் நகை, சாமி படம், மாத்துத் துணி, ஒண்ணையும் விட்டுட்டுப் போக முடியுமா?" குடும்பத் தலைவர் திரும்பவும் தலைவரானார். குட்டி டோர்ச்சை அடித்துக்கொண்டு உள் அறைக்கு ஓடி அலுமாரியைத் திறந்தார்.

வெறும் பலகை. மேல் தட்டும் வெறுமை, கீழ்த் தட்டும் வெறுமை. சுவரில் சாமி படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. குசினியில் சட்டி பானை கூட இல்லை.

"கஜா! வீட்டுச் சாமானெல்லாம் எங்க?"

கஜலட்சுமி வாசலில் குடையை விரித்தாள்.

"காலையில நீங்க சின்னதாத் தேடிக்கிட்டு இருந்தப்பவே, ஆட்டோவுல அண்ணன் வீட்டுக்குப் போயிருச்சுங்க. நீங்க ஒரு ஆளுதான் பாக்கி."