மண்டையில் அடிபட்டு வந்த மரியாதை

"ஏனுங்க கஸ்தூரி, சித்தெ காப்பி கொண்டு வர்றீங்களா?"

அடுப்படியில் இருந்த கஸ்தூரி யாரோ வெளியூர்க்காரர் வந்திருக்கிறார் என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. கட்டிலில் அவள் புருஷன் கஜபதி மட்டும் தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்தான்.

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தாமே' என்பதுதான் அவள் பெயர். கோபம் வந்தால் அதுவும் கிடையாது.

"யோவ், இன்னாயா ஆச்சு உனக்கு?"

"எனக்கே தெரியலீங்க. காப்பி குடுமேன்னுதான் மனசுல நெனச்சனுங்க. வாய்ல இப்படி வருதுங்க."

சொல்லிவிட்டு, பயந்துபோய்த் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் கஜபதி சங்கச் செயலாளர். அவன் கேட்டில் நின்று பேச ஆரம்பித்தால் உள்ளே பிரஸ் மிஷின் ஓடுவது காதில் விழாது. முந்தின நாள் அதே கேட்டில் புதுக் கொடிக்கம்பம் நட்டார்கள். அது சாய்ந்து செயலாளர் மண்டையிலேயே விழுந்தது. தையல் போட்டுக்கொண்டு வந்து படுத்தவன், எழுந்தபோது இப்படி எழுந்திருக்கிறான்.

அதுவும் எந்த வாரத்தில்? வியாழக்கிழமை மேனேஜர் சம்பத்தோடு பேச்சுவார்த்தை. முனியன் என்கிற தொழிலாளியை சஸ்பெண்டு செய்திருந்தார்கள். கேண்டீன் சாம்பாருக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் இல்லை என்று நிரூபிக்க, மேனேஜர் காரின் ரேடியேட்டரில் முனியன் சாம்பாரை ஊற்றிவிட்டான். கார் கொரட்டூர் வரைக்கும் நன்றாகவே ஓடியது. அதைத்தான் மேனேஜரால் தாங்க முடியவில்லை. வேலையைவிட்டே எடுத்துவிடுவேன் என்று நின்றார். முனியனுக்கு மூன்று பெண் குழந்தைகள். அவர்களுக்கும் அவனுக்கும் இருந்த ஒரே நம்பிக்கை கஜபதியின் வாய்.

"பேசாம இருந்துடு. ரெண்டு நாள்ல சரியாப் பூடும்" என்றாள் கஸ்தூரி.

கஜபதி பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனான். கேட்டில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணாத்தே, வியாயக்கெயம இன்னா சொல்லப் போற அந்த ஆளாண்ட?"

கஜபதி கையை மட்டும் ஆட்டினான்.

"இன்னாபா, ஊமை கணக்கா கீறே! முனியன் மூஞ்சப் பாரு, செத்துகினு கீறான். ஒரு வார்த்த சொல்லு அண்ணாத்தே."

முனியன் முகத்தைப் பார்த்தான். தாங்க முடியவில்லை. வாயைத் திறந்தான்.

"நீங்க வெசனப்படாதீங்க முனியன். ஐயாகிட்ட நான் பதமா எடுத்துச் சொல்லிப்போடறனுங்க."

சூழ்ந்து நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

"ஐயாவா?" என்றான் ஒருவன்.

"பதமாவா?" என்றான் இன்னொருவன்.

மதியச் சாப்பாட்டுக்குள் விஷயம் எஸ்டேட் முழுக்கப் பரவிவிட்டது. கஜபதியைக் கம்பெனி வாங்கிவிட்டது. கோயமுத்தூரில் பங்களா, பேசிப் பழக ஒரு வாத்தியார், எல்லாம் ஏற்பாடாகிவிட்டதாம்.

சாயங்காலம் அழுகிற மாதிரி வந்து நின்றவனைப் பார்த்துக் கஸ்தூரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நான் சொல்லிக் குடுக்கறேன். எதிர்ல மேனேஜர் கீறான்னு நெனச்சிக்கோ. சொல்லு, டேய் சோமாரி!"

"ஏனுங்க சோமாரி..."

"ஏனுங்க இல்லய்யா! டேய்!"

"டேய்ங்க."

"மண்டைய ஒடச்சி மாவெளக்கு வெச்சிருவேன். சொல்லு!"

"உங்க மண்டைய ஒடச்சுப் போடுவனுங்க. நீங்க தப்பா எடுத்துக்கப்படாதுங்க."

கஸ்தூரி விடவில்லை. ஒன்பது வருடமாக அவன் வாயிலிருந்து கேட்டதை எல்லாம், ஒன்று விடாமல், அவன் முகத்துக்கு நேராகத் திருப்பிச் சொன்னாள். நடுவில் அவளாகவே சேர்த்துக்கொண்டதும் இருந்தது. பக்கத்து வீட்டு பார்வதம் ஓடி வந்து, புருஷன் கைகட்டி நிற்பதையும் பெண்டாட்டி இடுப்பில் கைவைத்துத் திட்டுவதையும் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பிப் போனாள். அன்றிலிருந்து கஸ்தூரிக்குத் தெருவில் தனி மதிப்பு.

கஜபதிக்கு மட்டும் ஒரு எழுத்துகூடத் திரும்பவில்லை.

மறுநாள் டாக்டர் மணவாளனிடம் போனார்கள். அவர் நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணில் டார்ச் அடித்தார், முழங்காலில் தட்டினார். பிறகு பேசச் சொன்னார். கஜபதி பேசப் பேச டாக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"நீங்க எப்பவாவது கோயமுத்தூர், ஈரோட்டுப் பக்கம் இருந்திருக்கீங்களா?"

"அரக்கோணத்துக்கு அக்கட்டால போனதே இல்லீங்க."

"இது இங்கியே பொறந்து வளந்தது டாக்டரு" என்றாள் கஸ்தூரி. "ஏரிக்கரையாண்ட பெத்து வளத்தேன்னு எங்க மாமியாரே சொல்லும். அது இப்ப பொண்ணு பிரசவத்துக்குப் பாரிவாக்கம் போயிகீது."

டாக்டர் எழுந்து நின்று கஜபதியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இது கோடியில ஒருத்தருக்கு வர்ற வியாதி! தலையில அடிபட்டு எழுந்தா, போகாத ஊர்க்காரன் மாதிரி பேசுவாங்க. ஃபாரின் ஆக்ஸென்ட் சிண்ட்ரோம்னு பேரு. நான் படிச்சிருக்கேனே தவிர பார்த்ததில்லை. அம்பத்தூருக்கே பெருமை!"

"பெருமை கெடக்கட்டுமுங்க. இது என்ற வாயே இல்லீங்க. அடுத்தவன் சட்டையப் போட்டுட்டுத் திரியறாப்ல இருக்குதுங்க. மாத்திக் குடுங்க சாமி."

"பேசிக்கிட்டே இருங்க. பேசப் பேசப் பழைய பேச்சு வந்துடும்."

வெளியே வரும்போது கஸ்தூரி மட்டும் பின்தங்கி, டாக்டரிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "மெதுவாவே கொணப்படுத்துங்க டாக்டரு. அவசரம் ஒண்ணியும் இல்ல."

டாக்டர் சொன்னபடி கஜபதி பேசிக்கொண்டே இருந்தான். பேசப் பேச நோய் முற்றியது. வியாழக்கிழமை காலையில் கஸ்தூரியை 'அம்முணி' என்று கூப்பிட்டான். அவள் தலையில் பூ வைத்துக்கொண்டாள்.

பேச்சுவார்த்தைக்கு அவன் உள்ளே நுழைந்தபோது மேனேஜர் சம்பத் வழக்கம்போல நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றிருந்தார்.

"வணக்கமுங்க. நின்னுட்டே இருக்கறீங்களே, உக்காருங்க ஐயா."

சம்பத்துக்குச் சுருக்கென்றது. எட்டு வருடமாக கஜபதியின் வசவைக் கேட்டே அவன் என்ன செய்வான் என்று அவர் கணக்குப் போடுவார். கண்ணாடியை உடைப்பேன் என்றால் உடைக்க மாட்டான். கொளுத்துவேன் என்றால் டீ குடிக்கப் போவான். இதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியவில்லை.

"முனியனச் சேத்திக்கோணுமுங்க" என்றான் கஜபதி, கையைக் கட்டிக்கொண்டு. "இல்லீன்னா உங்களுக்குத்தானுங்க சங்கடம். ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா? பசங்க எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கறாங்க?"

சம்பத்தின் சட்டை நனைந்துவிட்டது. "முனியன் நாளைக்கே வரட்டும்" என்றார். "கேண்டீன் சாம்பாரையும் மாத்திடறேன். நீ மட்டும் பழையபடி பேசுப்பா."

"அதுக்குத்தானுங்க வைத்தியம் பாக்கறேன்" என்றான் கஜபதி.

வெளியே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். முனியன் அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். "எந்திரிங்க கண்ணு" என்றான் கஜபதி. அதைக் கேட்டு முனியன் இன்னும் அழுதான்.

ஞாயிற்றுக்கிழமை மணவாளன் பட்டணத்திலிருந்து இரண்டு பெரிய டாக்டர்களை வரவழைத்தார். கஜபதியை நடுவில் உட்காரவைத்து, போகாத ஊரின் பேச்சு எப்படி இம்மி பிசகாமல் வருகிறது என்று விளக்கினார். அவர்கள் வாய்பிளந்து கேட்டார்கள். உலகத்திலேயே இப்படி ஒரு கேஸ் இருக்காது என்றார் ஒருவர். வெளிநாட்டு மாநாட்டுக்கு அனுப்பலாம் என்றார் இன்னொருவர்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு கஜபதியின் அம்மா தாயம்மாள் உள்ளே வந்தாள். மகனுக்கு மண்டையில் அடி என்று கேள்விப்பட்டு, பாரிவாக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து மூச்சு வாங்கியது.

"நைனா! இன்னாடா ஆச்சு உனக்கு?"

கஜபதி எழுந்து அவளுக்கு நாற்காலியைக் காட்டினான். "வாங்கம்மா. வெயில்ல நடந்தா வந்தீங்க? எதாச்சும் சாப்டீங்களா?"

தாயம்மாள் நாற்காலியில் உட்காரவில்லை. அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பயப்படாதீங்கம்மா" என்றார் மணவாளன் கனிவாக. "உங்க பையன் இப்ப வேற ஊர்ப் பேச்சு பேசறாரு. இது ரொம்ப அபூர்வமான வியாதி. பழைய பேச்சு திரும்பி வர நாங்க..."

தாயம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பய்ய பேச்சு இதாய்யா! நாலு வயசுல ஆவடி டேசன்ல 'ஏனுங்க, எங்கம்மாளப் பாத்தீங்களா'ன்னு அயுதுகினு நின்ன புள்ளைய ஊட்டுக்கு இட்டாந்து, அது வாய்ல நம்ம பேச்சு வரவெக்கறதுக்குள்ள என் உசுரே பூட்ச்சு, மறுபடியும் மொதல்லேர்ந்தா?"