பஸ் துடைக்க ஒரு துணி

காஞ்சிபுரத்தில் துணிப் பஞ்சம் என்று சொன்னால் கேட்கிறவர்கள் வாயால் சிரிக்க மாட்டார்கள். ஆனால் தர்மன் வீட்டுக்கு அப்படியொரு பஞ்சம் வந்து சேர்ந்தது.

தர்மன் பகலெல்லாம் பட்டுக்கடையில் சேலை பிரித்துக் காட்டுகிறவன். வீட்டுக்கு வந்தால் பஸ் கம்பெனி முதலாளி. உள்ளங்கை நீளத்தில் டவுன் பஸ், நெல் மூட்டை ஏற்றின லாரி, மூக்கு சப்பையான பழைய வேன் என்று அலமாரி நிறையக் குட்டி வண்டிகள். அட்டையும் தகடும் வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து எல்லாம் அவன் கையால் செய்தவை. ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாடல் கண்காட்சி. நீல டவுன் பஸ்ஸுக்கு முதல் பரிசு வாங்கியே தீருவது என்று முடிவு கட்டிவிட்டு, சாப்பிடும்போதுகூட வாயால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

பஸ்ஸுக்குக் கடைசி மெருகு மட்டும் பாக்கி. மெழுகு தடவி மெத்தென்ற துணியால் தேய்த்தால் முகம் பார்க்கலாம். துணி கொஞ்சம் முரடாக இருந்தாலும் போச்சு, பூனை பிராண்டின மாதிரி கோடு விழும்.

முதலில் கடையில் விற்கிற மஞ்சள் துணி வாங்கினான். பஸ்ஸுக்கு மஞ்சள் மீசை முளைத்தது. பிறகு ஊர்ப் பெருமை தலைக்கேறி, "காஞ்சிபுரத்துல பொறந்துட்டு பட்டை விட்டுட்டு வேற துணி தேடினா சாமி கண்ணக் குத்தும்" என்று ஒரு பட்டுத் துண்டைக் கொண்டுவந்தான். அதன் ஓரத்தில் ஜரிகை இருந்ததைக் கவனிக்கவில்லை. ஒரே இழுப்பு. பஸ்ஸின் பின்பக்கத்தில் நீளமாகக் கோடு. மறுபடி பெயின்ட் அடித்துவிட்டு, துக்கத்தில் சோறு வேண்டாம் என்று சொல்லி, ஒரு ஈடு இட்லியோடு நிறுத்திக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி அபிநயாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னாங்க, என்னையே பாத்துக்கினு இருக்கீங்க?"

"உன்ன இல்லம்மா. உன் பொடவைய."

"இது எங்கம்மா குடுத்த நூல் பொடவ. இதுல கத்திரி பட்டுச்சின்னா எங்கம்மா ஊரு தாமல்லருந்து சனமே லாரி ஏறி வரும்."

"அப்ப பாப்பா துணில ஒன்னு குடு."

"அவ எத்தக் கட்டிக்குவா? உங்க பஸ்ஸையா?"

"பின்ன மெத்துனு வேற துணி எங்க இருக்குது இந்த வூட்ல?"

"இருக்குதே. உங்க இடுப்புல."

தர்மன் சட்டென்று லுங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

அந்த லுங்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பச்சைக் கட்டம் போட்டது. கல்யாணத்துக்கு முன்னாடியே அவனோடு குடித்தனம் பண்ண வந்தது. பக்கத்து வீட்டு எஸ்தர் அதற்கு மூத்த சம்சாரம் என்றே பேர் வைத்திருந்தாள். கட்டமெல்லாம் வெளுத்து, பின்பக்கம் காற்றுக்கு ஜன்னல் திறந்திருந்தது. தண்ணீர் கேன் போடுகிறவர், சிலிண்டர் கொண்டுவருகிறவர், மாமனார், எல்லோருக்கும் அதிலேதான் தரிசனம். பெயரோ தர்மன், கிழிந்த லுங்கியைத் தர்மம் பண்ண மட்டும் மனசு வராது. அபிநயா ஒரு தடவை அதைத் தரை துடைக்கிற வாளியில் முக்கிவிட்டாள். பிள்ளையைக் கிணற்றிலிருந்து தூக்குகிற மாதிரி தூக்கி, பிழிந்து, அப்படியே ஈரத்தோடு கட்டிக்கொண்டான்.

"இதத் தொட்ட, நான் மனுசனா இருக்க மாட்டேன்."

"யாரு தொடப் போறா? ஆமா, கடையில கண்ண மூடிக்கினே துணியத் தடவிச் சொல்லிடுவீங்களாமே, நெசமா?"

தர்மனுக்குத் தோள் இரண்டு அங்குலம் ஏறியது. "முதலாளியே எங்கிட்ட நீட்டிட்டுத்தான் வெல சொல்லுவாரு. கண்ணு பொய் சொல்லும்மா. வெரலு பொய் சொல்லாது."

"அப்ப நாளைக்குக் காத்தால பாப்போம். வூட்ல இருக்கிற மெத்துனு துணி எல்லாத்தையும் வெக்கிறேன். உங்க வெரலு எத்தச் சொல்லுதோ அத்த அங்கியே வெட்டணும். என் பொடவையா இருந்தாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன். நீங்களும் தொறக்கக் கூடாது."

பொடவை என்றதும் தர்மன் காதில் வேறெதுவும் ஏறவில்லை. சரி என்றான்.

சனிக்கிழமை குளித்து, கடைக்குப் போகிற பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தான். கண்ணைத் துப்பட்டாவால் கட்டியாயிற்று. நடுவர் எஸ்தர், இடுப்பில் பாப்பா. அபிநயா ஒவ்வொரு துணியாக நீட்டினாள்.

முதல் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினான். "நூல் பொடவ. ஆனா இன்னும் வெறைப்பு அடங்கல. இது ஆவாது."

"உங்க மாமியா பொடவைங்க, அப்படித்தான் இருக்கும்" என்றாள் எஸ்தர்.

அடுத்தது. "இது சுத்தப் புதுசு. ஒரு தண்ணிகூடப் பாக்கல. எடுத்துடு."

அதற்கடுத்தது ஒரு துண்டு. "முரடு. மாட்டத் தேய்க்கலாம்."

கடைசித் துணி கைக்கு வந்தது. தர்மன் அதை இரண்டு கையாலும் தடவினான். கன்னத்தில் வைத்துப் பார்த்தான். முகம் அப்படியே இளகிப் போயிற்று.

"அடடா. இதான்மா துணி. வெண்ணெ. வருசக்கணக்கா பாசமாக் கட்டி, பாசமாத் தொவச்சிருக்கணும். இத்த இத்தன நாளு எங்க ஒளிச்சி வெச்ச?"

"ஒளிக்கலங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"தர்மன் வெரலு சொன்னா சொன்னதுதான். வெட்டு."

அபிநயா கல்யாணமான நாளிலிருந்து புருஷன் சொன்னதை இவ்வளவு சீக்கிரமாகக் கேட்டதில்லை. சர்ரக் சர்ரக்கென்று கத்திரி ஓடியது. தர்மன் கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது பாயெல்லாம் பச்சைக் கட்டம்.

எஸ்தர் இடுப்புப் பாப்பாவோடு குனிந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள்.

"மூத்தவ போய்ச் சேந்துட்டாளா" என்றாள் எஸ்தர்.

தர்மன் வாயைத் திறந்தான். வாக்குக் கொடுத்தது ஞாபகம் வந்து மூடிக்கொண்டான். ஒரு துண்டை எடுத்து பஸ்ஸைத் தேய்த்தான். பாவி பஸ், தேய்க்கத் தேய்க்கப் பளபளவென்று ஆனது. அழுமூஞ்சி அதில் அச்சாகத் தெரிந்தது.

"மெத்துனு இருக்குதா?" என்றாள் அபிநயா.

"இருக்குது" என்று மூக்கை உறிஞ்சினான். எப்படியும் விரல் தோற்கவில்லை என்கிற ஒரு ஆறுதல். கடைக்காரப் பழக்கத்தில், வேண்டாம் என்று ஒதுக்கின துணிகளை மடித்து வைக்கப் போனான். ஒன்றை எடுத்தான். அது மடங்கவில்லை. அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. உற்றுப் பார்த்தான்.

"அபி, இது பாப்பா துணியாச்சே. இன்னா இப்படி வெறைப்பா இருக்குது?"

"நேத்து ராத்திரி மத்த எல்லாத்துக்கும் கஞ்சி போட்டுட்டேங்க."

"கொழந்த துணிக்கு யாராவது கஞ்சி போடுவாங்களா?"

"போட மாட்டாங்கதான்" என்றாள் அபிநயா, லுங்கித் துண்டுகளை எண்ணெய்க் கைக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டே. "அதான் உங்க வெரலு அத்தப் புதுசுன்னு நெனச்சிக்கிச்சி."