பழுதுக்கு வந்த பதினேழு ஓட்டுகள்

வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் கள்ள ஓட்டுப் போட்டிருக்கிறேன். அன்று மட்டும் பதினேழு.

பாளையம்பட்டியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த காலம். பரளச்சிப் பக்கமுள்ள எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. என் தங்கை செல்வி அருப்புக்கோட்டைக் கல்லூரிக்குப் போக, தினமும் மூன்று கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டுக்கு வரவேண்டும். அப்போது புதிதாக ஒரு டவுன் பஸ் விடப்போவதாகப் பேச்சு. எங்கள் ஊர் வழியாகவா, பக்கத்து ஊர் வழியாகவா என்று வட்டாரச் செய்திகளைப் போனில் அனுப்பும் குழு ஒன்று அதிலேயே ஓட்டெடுப்பு வைத்தது. முடிவை டெப்போவில் கொடுப்பார்களாம்.

மதியம் நாங்கள் பதினோரு ஓட்டு முன்னிலை. அது ஒன்பதாகக் குறைந்ததும் எனக்குக் கை பரபரத்தது. (அந்த இரண்டு ஓட்டு இடைவெளியில்தான் என் மூளை கழன்று விழுந்திருக்க வேண்டும்.) ரிப்பேருக்கு வரும் போனின் முதுகில், பெயரையும் பூட்டைத் திறக்கத் திரையில் விரலால் இழுக்கும் கோட்டையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வைப்போம். டப்பாவில் இருந்தவற்றில் பதினேழு போன்களில் அந்தக் குழு இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து எங்கள் ஊரைத் தொட்டேன். ஜனநாயகக் கடமையை அவ்வளவு சிரத்தையாக எவனும் செய்திருக்க மாட்டான்.

யார் எதற்குப் போட்டார்கள் என்பது பெயரோடு எல்லோருக்கும் தெரியும் என்று எனக்குத் தெரியாது. சீட்டில் கோட்டைப் பார்த்தேனே தவிர, பெயரைப் படிக்கவில்லை. அதில் ஒரு போன், பக்கத்து ஊருக்குப் பஸ் கேட்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிய காதர் பாயுடையது.

மறுநாள் பாய் கடைக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, டீக்கடையில என்னய ஒக்கார விடமாட்டேங்கிறாக. ஊரு பஸ்ஸ நான் வித்துட்டேனாம். போனு ஒங்கிட்டதான இருந்துச்சு?"

"நான்தான் போட்டேன் பாய்."

"அத எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? எங்கூர்ல வந்து சொல்லு."

போனேன். டீக்கடை முன்னால் நின்று சொன்னேன். யாரும் அடிக்கவில்லை. நான் பேசப் பேச, ஒவ்வொருவராகத் தங்கள் போனைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்கள். அதற்கு அடித்தே இருக்கலாம்.

குழு ஓட்டெடுப்பையே நீக்கிவிட்டது. டெப்போவுக்கு எதுவும் போகவில்லை. பஸ் இரண்டு ஊருக்கும் வரவில்லை. நான் சும்மா இருந்திருந்தால் வந்திருக்குமா என்று இன்றுவரை தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அரிக்கிறது. நேர்மையாகத் தோற்றிருந்தால் டெப்போவைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். செல்வி மூன்று வருடமும் நடந்தே படித்தாள். ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டம்.

இப்போது அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. வீட்டுக்கு வரும்போது, காலையில் தோசையா உப்புமாவா என்று பேச்சு வந்தால் அவள் குரல்தான் முதலில் கேட்கும்.

"எல்லாரும் அவுகவுக போன எடுத்து உள்ள வைங்க. அண்ணன் வாராக."

எங்கள் வீட்டில் எனக்கு ஓட்டு கிடையாது. எப்போதும் உப்புமாதான் ஜெயிக்கிறது. அந்த மூன்று கிலோமீட்டரை நினைத்துக்கொண்டு பேசாமல் சாப்பிட்டுவிடுகிறேன்.