எதிர் ஜன்னல் எழுத்தாளர்

"அடுத்த வரியாவது வந்துச்சா?" என்றாள் மனைவி.

"உஷ்! அவர் எழுந்து நிக்கிறார்."

சர்வேயர் ஜன்னல் திரையை ஒதுக்கினார். தெருவுக்கு அந்தப் பக்கம், எதிர் மாடியில், வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் மேஜை முன்னால் நின்றபடி பேனாவைக் கன்னத்தில் ஊன்றி யோசித்துக்கொண்டிருந்தார். மேஜையில் கத்தை கத்தையாகக் காகிதம். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொள்ள, சர்வேயர் எழுந்து நின்றபோதுதான் அந்தக் காட்சி கண்ணில் பட்டது.

"நின்னுகிட்டே எழுதுறார்டி! எப்பேர்ப்பட்ட மனுஷன்!"

ஒரு கதை எழுதியே தீருவதென்று சர்வேயர் ஒரு மாத லீவு போட்டிருந்தார். முடியாவிட்டால் இனி கதைப் பேச்சே எடுப்பதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இருபது வருஷ ஆசை. லீவில் இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி. ஊரையெல்லாம் அளந்தவருக்கு ஒரு பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

எழுத்துக்கு முதலில் பழக்கம் வேண்டும் என்று யாரோ சொல்ல, காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து பார்த்தார். எதிரே விளக்கு எரிந்தது. ஐந்துக்கு உட்கார்ந்தார். எரிந்தது. நாலுக்கு, பல்கூடத் தேய்க்காமல் ஓடிவந்து விளக்கைப் போட்டார். ஐந்தே நிமிஷம், அங்கேயும் வெளிச்சம்!

"மனுஷனா, தவசியா!" என்று இருந்த இடத்திலேயே கும்பிட்டார். எட்டு மணிக்கெல்லாம் வெள்ளைத் தாள்மேல் தலை வைத்துத் தூங்கிப்போனார்.

மறுநாள் எரிச்சலில் ஒரு தாளைக் கசக்கி எறிந்தார். வெட்கத்தோடு நிமிர்ந்தால், அங்கே அவர் ஒரு கத்தையையே கிழித்துக்கொண்டிருந்தார். சர்வேயருக்குப் புல்லரித்தது. தேறியிருந்த ஒரே பக்கத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"ஐயையோ, அது நல்லாத்தானே இருந்துச்சு!" என்று பதறினாள் மனைவி.

"அவரே கிழிக்கிறார். நான் எம்மாத்திரம்?"

இனி நின்றுதான் எழுதுவது என்று மேஜைமேல் ஸ்டூலையும் ஸ்டூல்மேல் பலகையையும் ஏற்றினார். மொத்தமும் சரிந்து காலில் விழுந்தது. கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியது.

லீவின் கடைசி நாள், வாளித் தண்ணீரில் காலை விட்டபடி ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். மடியில் வெள்ளைத் தாள்.

"நேர்ல போய் அவர்கிட்டயே கேட்டா என்ன?"

"நாலு மணிக்கு எழுந்து, நின்னுகிட்டு எழுதி, அதையும் திருப்தியில்லாம கிழிக்கிறவர்டி அவர். அவர்கிட்ட போய் கதை எப்படி எழுதுறதுன்னு கேக்கவா?" சர்வேயர் பேனாவை மூடிவைத்தார். "எனக்கு எழுத வராது. விடு. ஆனா எழுதுற ஒருத்தரைக் கண்ணால பாத்துட்டேன். எனக்கு அதுவே பெருசு."

மனைவிக்கு மனசு கேட்கவில்லை. "இருங்க, நானே கேட்டுட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

வாசலில், மணியடிக்கத் தூக்கிய கையோடு ஒரு அம்மாள் நின்றிருந்தாள். உள்ளே இருந்த சர்வேயரைக் கண்டதும் பயபக்தியோடு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எதிர் மாடியிலேருந்து வரேங்க. எங்க வீட்டுக்காரர் ஒரு மாசமா ஐயாவைப் பாத்துப் பாத்துத்தான் கதை எழுதப் பழகுறார். அந்த வாளியில இருக்கிறது வெந்நீரா, பச்சைத் தண்ணியான்னு கேட்டுட்டு வரச் சொன்னார்."