விரல் மொத்த வயரும் ஐசிங் ரோஜாவும்

கொழும்பில் என்னை விலையில் வென்றவன் ஒருவனும் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பன்னிரண்டு வயதில் புறக்கோட்டையில் மூட்டை சுமந்தவன் இந்த றொபேட். இன்றைக்கு அதே தெருவில் பிளாஸ்டிக் வாளிக் கடை முதலாளி. அரைக் கிலோ தேசிக்காய் வாங்கினாலும் நாலு கடைக்காரனைக் கோபப்படுத்திவிட்டுத்தான் வாங்குவேன்.

மூட்டை சுமந்த காலத்தில் பெரிய வீடுகளில் பைலா போட்டால் மதிலுக்கு வெளியே நிற்பேன். பாட்டு கேட்காது. 'தும்... தும்...' என்ற அடி மட்டும் மதிலைத் தாண்டி வந்து நெஞ்சில் தட்டும். அந்தத் தும் ஒருநாள் என் வீட்டுக்கு வர வேண்டும் என்று சபதம் எடுத்தேன். ஐம்பதாவது வயதில் வந்தது. இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, இரும்புப் பெட்டி மாதிரி ஒரு அம்ப்ளிபயர்.

விற்றவன் வெள்ளவத்தையில் சவுண்ட் சாமான் கடை வைத்திருக்கும் ஷிப்லி. கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்கு அவனே வந்து பூட்டித் தந்தான். பூட்டும்போது சிவப்பு, கறுப்பு என்று ஏதோ விளங்கப்படுத்தினான். நான் கேட்கவில்லை. இன்னும் ஆயிரம் ரூபாய் குறைக்க ஏலுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கொன்ஸ்ரன்ஸ்தான் டோர்ச் பிடித்தபடி 'ஓம், ஓம்' கொட்டினாள். போகும்போது அவனுக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தாள். தின்றவன் அந்த இடத்திலேயே தன் தங்கச்சி பஹ்மிதாவின் கலியாணக் கேக்குக்கு ஓடர் கொடுத்துவிட்டான்.

கொன்ஸ்ரன்ஸ் வீட்டில் கேக் அடித்து விற்கிறவள். பஹ்மிதாவின் ஓடர் மூன்று தட்டுக் கேக், அதில் சுற்றிவர எண்பது ஐசிங் ரோஜா. சண்டை அங்கேதான் தொடங்கியது.

"இஞ்சாருங்க, கொஞ்சம் குறைங்க. பூ விழுது."

"என்ன பூ?"

"கேக்கில ஒட்டின பூ. உங்கட ஒவ்வொரு அடிக்கும் ஒண்டு விழுது. நேத்து பதினேழு."

"அப்ப நல்லா ஒட்டு!"

"சுவரே ஆடுது. நான் என்னத்த ஒட்ட?"

எனக்கு ஏறிவிட்டது. "என்ர வீடு! என்ர சல்லி! என்ர தும்!"

"ஓம், உங்கட வீடுதானே" என்றாள்.

அவள் ஓம் என்றால் நான் வென்றுவிட்டேன் என்று அர்த்தம். இருபத்திமூன்று வருடமாக நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் தும் செத்துப்போனது. பாட்டு இருக்கிறது, அடி இல்லை. பாடுகிறவன் என் கடை வாளிக்குள் தலையை விட்டுப் பாடுவது போல ஒரு சத்தம். ஷிப்லியின் கடைக்குப் பாய்ந்தேன்.

"வயரா ஈக்கும் அண்ணே. பெட்டியோட வார வயர் சும்மா வயர். இதப் பாருங்க, சுத்தச் செம்பு. பதினெட்டாயிரம்."

"பதினெட்டோ? இதில கரண்ட் ஓடுதோ, இல்ல காரே ஓடுதோ?"

ஒன்றரை மணித்தியாலம் கத்தினேன். இரண்டு தரம் வெளிநடப்புச் செய்தேன். பதினோராயிரத்துக்கு எடுத்தேன். வீட்டுக்கு வந்து பழையதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதியதை நிறத்துக்கு நிறம் பார்த்துப் பூட்டினேன். தும்! அலுமாரிக் கண்ணாடி கிலுகிலுத்தது. "பாத்தியா! வயரில இருக்கு விஷயம்!"

"ஓமோம்" என்றாள், நிலத்தில் கிடந்த ரோஜாக்களைப் பொறுக்கியபடி.

இரண்டு நாளில் தும் திரும்பவும் போய்விட்டது.

அன்றைக்குத்தான் எனக்கு ஞானம் பிறந்தது. வயருக்கும் ஆயுள் உண்டு! மலிவு வயர் இரண்டு நாள். விலை கூடினது கூட நாள். கடையில் இதைச் சொன்னேன். ஷிப்லி கண்ணை உருட்டினான். "நான் அப்பிடிக் கேள்விப்படல்லயே அண்ணே" என்றான். என்றாலும் விரல் மொத்தத் தடிப்பில், பொன்முலாம் பூசிய முனையோடு ஒரு வயரை எடுத்து வைத்தான். நாற்பதாயிரம். தொண்டை கட்டும்வரை பேசி இருபத்தாறுக்கு இறக்கினேன்.

கொன்ஸ்ரன்ஸ் அதைத் தடவிப் பார்த்தாள். "நல்ல மொத்தம். பெட்ஷீட் காயப்போடலாம்."

"இது இசை! உனக்கு விளங்காது."

பூட்டினேன். தும் வந்தது. ஐந்து நாள் இருந்தது. பார்த்தீர்களா, என் கணக்குச் சரி! ஆறாம் நாள் போய்விட்டது.

ஷிப்லியைப் போனில் பிடித்து, நான் புறக்கோட்டையில் படித்த பாஷை முழுவதையும் பேசினேன். பின்னேரமே ஓடி வந்தான். பெட்டிக்குப் பின்னால் குனிந்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"அண்ணே, இந்தப் பெட்டியில சிவப்பும் கறுப்பும் மாறி ஈக்கி."

"மாறினா?"

"ஒரு பெட்டி தள்ளக்குள்ள மத்தது இழுக்கும். பேஸ், அந்தத் தும், ரெண்டுக்கும் நடுவுல செத்துப் போகும். அண்டைக்கே செல்லித் தந்தேனே. வயர்ல ஒரு பிழையும் இல்ல. முதல் வயரே போதும்."

"நான் மாத்தேல்ல. அப்ப யார்..."

பெட்டிக்குப் பின்னால் தூசி தட்டுகிறவர் இந்த வீட்டில் ஒரே ஒருவர்தான்.

"ஓம், நான்தான்" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். கையில் ஐசிங் பையோடு குசினி வாசலில் நின்றாள். "பூ ஒட்டுற நாளில மாத்துவன்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னனான். என்ர வீடு, என்ர சல்லி எண்டீங்க. வாயால உங்களை வெல்லலாமோ? அதான் வயரால கதைச்சனான்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மேசையில் அந்தக் கேக் இருந்தது. மூன்றாவது தட்டில் பாதிக்குப் பூ இல்லை. அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம். விழுந்த பூக்களையெல்லாம் இரண்டாம் தரம் செய்திருக்கிறாள். கோபத்தை யாரிடமாவது கொடுக்க வேண்டுமே. ஷிப்லியிடம் திரும்பினேன்.

"ரெண்டு வயரையும் திருப்பி எடு!"

"வித்த சாமான் எடுக்கிறல்ல அண்ணே. போர்டுல எழுதி ஈக்கி."

அரை மணித்தியாலம் கத்தினேன். அசையவில்லை. கொன்ஸ்ரன்ஸ் ஐசிங் பையை மெல்லக் கீழே வைத்தாள்.

"தம்பி, பஹ்மிதாட கேக்குக்கு இன்னும் முப்பது பூ வைக்க இருக்கு. எனக்கு இண்டைக்குக் கையில ஒரு நோவு."

"எடுக்கிறேன் அக்கா" என்றான் ஷிப்லி.

"காசு வேணாம். இவருக்கு ஒரு நல்ல ஹெட்போன் தாங்க. பேஸ் நிறைய இருக்கிறதா."

"தாரேன் அக்கா."

இரண்டே இரண்டு பேச்சு. நான் இரண்டு கடை நாளும் ஒரு தொண்டையும் செலவழித்த ஆள்.

மறுநாள் ஹெட்போனை மாட்டினேன். அம்மாடி! தும் இப்போது நெஞ்சில் இல்லை, மண்டைக்குள்ளேயே குடியிருந்தது. சுவர் ஆடவில்லை. பூ விழவில்லை. கண்ணை மூடினேன். தலை தானாக ஆடியது. நடுவில் ஒருதரம் கண்ணைத் திறந்தேன். கொன்ஸ்ரன்ஸ் எதிரே நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சிரித்துவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டேன்.

கழற்றிப் பார்த்தால், என் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளின் மேலும் வெள்ளை லேஸ் துணி. ஒன்றின் மேல் பஹ்மிதாவின் கேக். மற்றதன் மேல் ஐசிங் தட்டுகள்.

"என்னப்பா இது?"

"கேக் ஸ்ராண்டா எடுக்கட்டோ எண்டு ரெண்டு தரம் கேட்டனான். ரெண்டு தரமும் நல்லாத் தலையாட்டினீங்களே."

விலையே பேசாமல் நான் ஒத்துக்கொண்ட முதல் வியாபாரம் அதுதான்.